மேலிடத்தில் கேட்டுச் சொல்லும் பக்தவத்சலம்

குமணன்சாவடியில் வரி ஆலோசகர் பக்தவத்சலத்தை நேரில் பார்க்காதவர்கள்கூட உண்டு. ஆனால் அவருக்கு மேலிடத்தில் ஆள் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டாலும் சொல்வார்கள், யூசுப் பாயின் பேக்கரியில் கேட்டாலும் சொல்வார்கள். அந்த பேக்கரிக்கு மேல் மாடியில்தான் அவருடைய அலுவலகம். காலையில் பன் வேகிற வாசனையும் சாயங்காலம் பஜ்ஜி எண்ணெய் வாசனையும் படியேறி வந்து அவருடைய ஃபைல்களில் தங்கியிருக்கும். வருமான வரிக்கு ஒரு வாசனை உண்டு என்றால் அந்தப் பக்கத்து மக்களுக்கு அது வெண்ணெய் பிஸ்கட் வாசனைதான்.

மேலிடத்தில் அவர் எப்படிக் கேட்பார் என்பதைச் சொல்லியாக வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் பார்ட்டி, கொஞ்சம் சிக்கலாக ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்தவத்சலம் பதற மாட்டார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்பார். செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே மாடிப்படித் திருப்பத்துக்குப் போவார். உள்ளே சிக்னல் கிடைக்காது என்று பெயர். தலைக்கு மேலே மெட்ரோ பாலம் போவதால் பார்ட்டிகளும் நம்பிவிடுவார்கள்.

படித் திருப்பத்தில் நடப்பது வேறு. தமிழுக்கு ஒன்றை அழுத்த வேண்டும். சந்தாதாரர் என்றால் இரண்டை அழுத்த வேண்டும். பிறகு ஒரு பெண் குரல் பதிப்பகத்தின் பெயரைச் சொல்லி, "வாடிக்கையாளர் சேவை, நான் வித்யா பேசுகிறேன்" என்று சொல்லும். பக்தவத்சலம் கையால் வாயை மூடிக்கொண்டு தன் சந்தா எண்ணைக் கிசுகிசுப்பார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு, மார்பை நிமிர்த்தி, "சொல்லுங்க மேடம்!" என்று உள்ளே நுழைவார். உட்கார்ந்திருப்பவருக்கு, ஏதோ பெரிய நாற்காலியிலிருந்து ஓர் அதிகாரி பக்தவத்சலத்தைத் தானாகவே கூப்பிட்ட மாதிரி இருக்கும்.

மேலிடம் என்பது இவ்வளவுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில், வரிச் சட்டப் புத்தகம் போடுகிற ஒரு பதிப்பகத்தின் போன் மேஜை.

அவரை மோசடிக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. திருநின்றவூர்ப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால் பக்தவத்சலம் என்று பெயர். பொய் சொல்லத் தைரியம் இல்லாத சுபாவம். உண்மையைக் கொஞ்சம் இஸ்திரி போட்டுச் சொல்வார், அவ்வளவுதான். அம்பத்தூரில் ஒரு பெயின்ட் கம்பெனியில் கணக்கு எழுதினார். ஆடிட்டர் பரீட்சையும் அவரும் பல வருஷம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் மனஸ்தாபம் இல்லாமல் பிரிந்தார்கள். கம்பெனியை மூடியதும் மாடியில் போர்டு மாட்டினார். சட்டப் பிரிவுகள் அவருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. 'எண்பது சி' என்றால் மாமா பையன். எந்தப் பிரிவு யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

இப்போது புதுச் சட்டம் வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லாம் கதவு எண்ணை மாற்றிக்கொண்டார்கள். மாமா பையன் நூற்று இருபத்து மூன்றாம் நம்பர் வீட்டுக்குக் குடிபோய்விட்டான். அதிலும் போன வருஷத்து வருமானத்துக்குப் பழைய சட்டம், இந்த வருஷத்து வருமானத்துக்குப் புதுச் சட்டம் என்று இரண்டு அடுப்பில் ஒரே நேரத்தில் சமைக்க வேண்டியிருந்தது. பக்தவத்சலத்துக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. இந்த வயதில் பயத்தை வெளியே காட்ட முடியுமா? மேலிடத்துக்குப் போகும் போன்கள் அதிகமாயின.

ஏன் போன் செய்ய வேண்டும், அதே பதிப்பகத்தின் புத்தகம்தான் அவரிடமே இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. வருஷா வருஷம் வாங்கினார். அவருடைய முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் அந்தத் தலையணைப் புத்தகங்கள் வரிசையாக நின்றன. வாங்கிய அன்று சுற்றி வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. தூசி படியாது, பார்க்கப் புதிதாக இருக்கும் என்று மனைவி புஷ்பாவிடம் காரணம் சொன்னார். உண்மைக் காரணம் வேறு. புத்தகத்தைத் திறந்தால் தனக்குத் தெரியாதது எவ்வளவு என்பது பக்கம் பக்கமாகத் தெரிந்துவிடும். அந்த அச்சு வாசனை பட்டாலே பழைய பரீட்சை ஹால் ஞாபகம் வந்து உள்ளங்கை வேர்க்கும். இதை அவர் புஷ்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

புத்தகத்தோடு சுவர்க் காலண்டர் ஒன்றும், கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க ஒரு பாஸ்வேர்டும், ஒரு போன் நம்பரும் இலவசம். முதன்முதலில் புத்தகம் விற்க வந்தவன், எந்தச் சந்தேகம் வந்தாலும் கூப்பிடுங்கள் சார் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த 'எந்த' என்ற வார்த்தையைப் பக்தவத்சலம் முழுசாக நம்பினார். மகன் கல்யாணத்துக்காக மனையை விற்ற ஒரு பார்ட்டிக்கு என்ன வரி வரும் என்று அன்றைக்கே கூப்பிட்டுக் கேட்டார். வித்யா பக்க எண்ணைச் சொன்னாள். பக்தவத்சலத்துக்குக் கோபம் வந்தது.

"பக்கம் தெரிஞ்சா நான் ஏம்மா உன்னைக் கூப்பிடறேன்?"

"பக்கம் தெரியாததால்தானே ஐயா கூப்பிட்டீர்கள். அதைத்தான் சொன்னேன்."

அன்றிலிருந்து 'ம்மா' போய் 'மேடம்' ஆயிற்று.

போகப் போக அந்த மேஜையின் நியாயம் அவருக்குப் பிடிபட்டது. புத்தகம் வராவிட்டால் எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்வார்கள். நடுவில் பக்கங்கள் விட்டுப்போயிருந்தால் வேறு பிரதி அனுப்புவார்கள். பாஸ்வேர்டை மறந்தால், எத்தனை முறை மறந்தாலும், முகம் சுளிக்காமல் புதிது கொடுப்பார்கள். அவர் பன்னிரண்டு மாதத்தில் பதினைந்து முறை மறப்பார். எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்வார்கள். அச்சில் இருப்பதை இரண்டு வரி படித்துக்கூடக் காட்டுவார்கள். ஆனால் இவருடைய பார்ட்டிக்கு அது பொருந்துமா, கட்ட வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் தலைகீழாக நின்றாலும் சொல்ல மாட்டார்கள். கருத்துச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை ஐயா என்று பட்டுத் துணியில் சுற்றிக் கொடுப்பாள் வித்யா. ஒரு தடவை, ஆவடி வருமான வரி ஆபீசில் இருக்கும் அதிகாரியிடம் என் சார்பில் நீங்களே ஒரு வார்த்தை பேசக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தார். அதற்கும் அதே பட்டுத் துணிதான்.

படித்துக் காட்டுகிற அந்த இரண்டு வரியைத்தான் பக்தவத்சலம் மூலதனமாக்கிக்கொண்டார். "கண்ணாடி கொண்டு வரலை மேடம்" என்பார், மூக்கின் மேல் கண்ணாடியை வைத்துக்கொண்டே. புத்தகத்தை எடுத்துவிட்டீர்களா ஐயா என்று அவள் கேட்டால், மேஜை மேல் கிடக்கும் அன்றைய தினசரியை எடுத்து போன் அருகில் சரசரவென்று புரட்டுவார். "எடுத்துட்டேன், இதோ எடுத்துட்டேன்" என்பார். அவள் பொறுமையாகக் காத்திருந்துவிட்டுப் படிப்பாள். படித்து முடித்ததும் பக்தவத்சலம் பார்ட்டி பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? நான் நெனச்சதையேதான் மேலிடமும் சொல்லுது" என்பார். கடைசியில் அவள், வேறு ஏதாவது உதவி வேண்டுமா ஐயா என்று கேட்பாள். அவருக்கு எப்போதும் இன்னும் ஒன்று இருக்கும்.

யூசுப் பாய் மட்டும் இதை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். டீ கொண்டுவரும்போது இரண்டு தடவை படித் திருப்பத்தில் 'தமிழுக்கு ஒன்று' என்ற குரல் அவர் காதில் விழுந்திருந்தது. "இன்னா சாரே, மேலிடத்துல பட்டன்லாம் அமுக்க சொல்றாங்க?" என்று கேட்டார். அது பாதுகாப்புக்காக என்று பக்தவத்சலம் சமாளித்துவிட்டார்.

ஆனால் மேலிடத்துப் பெருமை மட்டும் அடுப்பெரிக்க உதவாது. காட்டுப்பாக்கம் ஃபிளாட்டுகளில் இருக்கும் ஐடி பிள்ளைகள் லிஃப்டில் இறங்குவதற்குள் செல்போனிலேயே ரிட்டர்ன் போட்டுவிடுகிறார்கள். பழைய பார்ட்டிகளில் சிலர் பிள்ளைகளோடு வெளியூர் போய்விட்டார்கள், சிலர் ஒரேயடியாகப் போய்விட்டார்கள். ஜூலை மாதத்தில் நிற்க இடம் இல்லாமல் இருந்த அலுவலகத்தில் இந்த ஜூலையில் மின்விசிறி காற்று அவருக்கு மட்டும் வந்தது. அந்த நேரத்தில்தான் ஆவடியிலிருந்து சேதி வந்தது. அங்கே தொழிற்சாலையில் ரிட்டயரானவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் ரிட்டர்ன் போட்டுக்கொடுத்தவர் கோயம்புத்தூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். வேறு ஆள் தேடுகிறார்கள். செயலாளர் ஞானசேகரன் நேரில் வந்து பார்ப்பார் என்று சொல்லியனுப்பினார்கள்.

அந்தச் சங்கம் கிடைத்தால் கடையை ஓட்டலாம். கிடைக்காவிட்டால் வருகிற மாதம் போர்டைக் கழற்றிவிட வேண்டியதுதான் என்று புஷ்பாவிடம் சொல்லிவிட்டார். புஷ்பா, நன்றாக ஒரு சட்டை போட்டுக்கொண்டு போங்கள், அந்த மேலிடத்து வேடிக்கையெல்லாம் இன்றைக்கு வேண்டாம் என்றாள். கட்டிய மனைவிக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது. சட்டை விஷயத்தில் மட்டும் அவள் பேச்சைக் கேட்டார்.

ஞானசேகரன் சொன்ன நேரத்துக்கு வந்தார். தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். வண்டி ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவர் என்று பெயர் வாங்கியவர். எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவருடைய வழக்கம். நாற்காலியில் உட்கார்ந்து, சங்கத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல், முதலில் தன் கேள்வியைப் போட்டார். அவருக்கும் இன்னும் சில பேருக்கும் வெகுநாளாக இழுத்துக்கொண்டிருந்த சம்பள நிலுவை போன வருஷம் மொத்தமாக வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே வருஷத்தில் வரி விழுந்துவிட்டது. அதைக் குறைக்க வழி இருக்கிறது என்கிறார்கள், என்ன செய்ய வேண்டும்?

"வீட்டுலயும் கேட்டுப் பாத்தேன் சார். டாக்ஸ்காரங்களப் போய்ப் பாருங்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க" என்றார்.

பக்தவத்சலத்துக்கு வழி இருப்பது தெரியும். ரிட்டர்னில் நிலுவைக்கான வரிக் கழிவைப் போட்டுவிட்டு, அதற்கான படிவத்தைப் பிறகு ஆற அமர அனுப்பலாம் என்பது அவருடைய ஞாபகம். போன வருஷம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு அப்படித்தான் செய்தார். வாத்தியாருக்கு நோட்டீஸ் வந்தது. கம்ப்யூட்டர் கோளாறு என்று அவருக்குச் சமாதானம் சொல்லியிருந்தார். அந்த ஞாபகம் இப்போது லேசாக உறுத்தியது. இதையே ஒரு சங்கத்துக்கே சொல்லி, சங்கத்துக்கே நோட்டீஸ் வந்தால்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

படித் திருப்பத்துக்குப் போய், ஒன்றையும் இரண்டையும் அழுத்தி, சந்தா எண்ணைக் கிசுகிசுத்து, நிமிர்ந்து உள்ளே வந்தார். போனை மேஜை நடுவில், ஞானசேகரனுக்கு நன்றாகக் கேட்கும்படி வைத்தார். நிலுவைச் சம்பளத்துக்கு வரிக் கழிவு பற்றிக் கம்பீரமாகக் கேட்டார். பக்கம் அறுநூற்றுப் பன்னிரண்டு ஐயா, எடுத்துவிட்டீர்களா என்றது குரல். பக்தவத்சலம் தினசரியை எடுத்துச் சரசரத்தார். கண்ணை மூடியிருந்த ஞானசேகரன் ஒரு கண்ணைத் திறந்து, விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும் வரி ஆலோசகரைப் பார்த்தார். மறுபடி கண்ணை மூடவில்லை. போனை உற்றுப் பார்த்தார்.

"எடுத்துட்டேன் மேடம். கண்ணாடிதான் கொண்டு வரலை, ஒரு ரெண்டு வரி..."

குரல் படிக்க ஆரம்பித்தது. முதல் வரி முடிவதற்குள் ஞானசேகரன் மேஜை மேல் குனிந்தார்.

"வித்யாவா?"

படிப்பு நின்றது.

"அப்பா? நீங்க எங்க அங்க?"

பக்தவத்சலத்தின் கையிலிருந்த தினசரி மெதுவாக மேஜைக்கு இறங்கியது. முகத்தில் அசடு வழிந்தது என்று சொன்னால் போதாது. அது வழிந்து சட்டைக் காலர் வரைக்கும் வந்தது. இத்தனை வருஷமாகக் கட்டிக்காத்த மேலிடம், ஆவடியிலிருந்து காலையில் டிபன் டப்பா எடுத்துக்கொண்டு அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண். அதுவும் எதிரே உட்கார்ந்திருப்பவர் பெற்ற பெண். எழுந்து வெளியே போய்விடலாமா என்று நினைத்தார். ஆனால் அலுவலகம் அவருடையது. போவதானால் ஞானசேகரன்தான் போக வேண்டும்.

ஞானசேகரன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "மேலிடம்னு சொன்னீங்க. எங்க வீட்டுக்கும் இதான் சார் மேலிடம்" என்றார். பிறகு போனைப் பார்த்து, வீட்டில் இரண்டு வாரமாகக் கேட்டும் வாயைத் திறக்காதவள் இவரிடம் மட்டும் படித்துக் காட்டுகிறாயே என்று குறைப்பட்டார். வந்த பதில் மகளின் குரலாகவும் இல்லை, பட்டுத் துணியாகவும் இல்லை.

"வீட்லயும் பக்கத்ததான்ப்பா சொன்னேன். நீங்க பதில் கேட்டீங்க. புத்தகத்துல எங்க இருக்குன்னு சொல்றது எங்க வேலை. உங்களுக்கு எது பொருந்தும்னு பாத்து முடிவு சொல்றது சாரோட வேலை. அதுல நாங்க தலையிடக் கூடாது. அதனாலதான் டாக்ஸ்காரங்களப் பாருங்கன்னு அனுப்புனேன்."

பிறகு அவள் மேஜைக் குரலுக்குத் திரும்பினாள். "பக்கம் அறுநூற்றுப் பன்னிரண்டு ஐயா. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" அவள் வழக்கம்போல் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

சாரோட வேலை. அந்த வார்த்தை பக்தவத்சலத்துக்கு எங்கேயோ போய்த் தைத்தது. இத்தனை வருஷமாக அந்த மேஜை தனக்கு எதையோ கொடுக்காமல் கைக்குள் பொத்தி வைத்திருக்கிறது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் எதையும் பொத்தி வைக்கவில்லை. அவருடைய நாற்காலியில் உட்காராமல் அவருக்கே விட்டு வைத்திருந்தார்கள். அவர்தான் அதில் ஒழுங்காக உட்காரவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஞானசேகரன் இருந்ததால் வந்த வெட்கம் அல்ல அது.

எழுந்து அலமாரியைத் திறந்தார். இந்த வருஷத்துப் புத்தகத்தை இரண்டு கையாலும் இறக்கி மேஜையில் வைத்தார். பிளாஸ்டிக் உறை டியூப் லைட் வெளிச்சத்தில் பளபளத்தது. ஞானசேகரன் அதையும் பார்த்தார், தினசரியையும் பார்த்தார். பக்தவத்சலம் நகத்தால் கீறிப் பார்த்தார். பேனா மூடியால் குத்திப் பார்த்தார். அது வரிச் சட்டத்தைப் போலவே எந்த இடத்திலும் ஓட்டை இல்லாமல் இருந்தது. கடைசியில் ஞானசேகரன் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து நீட்டினார். சாவியால் கிழித்தார். அச்சு வாசனை வந்தது. உள்ளங்கை வேர்த்தது. வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் தேடினார்.

முதல் தடவை படித்தபோது ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தடவை வாய்விட்டுப் படித்தார். மூன்றாம் தடவை விரலை வைத்துப் படிக்கும்போது, வாத்தியாருக்கு ஏன் நோட்டீஸ் வந்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது. கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை.

"சார், உண்மையைச் சொல்லிடறேன். ரிட்டர்ன மொதல்ல போட்டுட்டு, ஃபார்ம அப்புறம் அனுப்பலாம்னு சொல்றதா இருந்தேன். அது தப்பு. மொதல்ல ஃபார்ம் போகணும், அப்புறம்தான் ரிட்டர்ன். இல்லாட்டி கழிவு நிக்காது. இப்பதான் படிச்சேன்."

ஞானசேகரன் தலையை ஆட்டினார். எந்தெந்த வருஷத்து நிலுவை எவ்வளவு என்று ஆபீசிலிருந்து எழுதி வாங்கி வரவேண்டுமா என்று கேட்டார். வேண்டும், அதைப் பிரித்துக் காட்டத்தான் அந்தப் படிவமே என்று இன்னொரு தடவை பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பக்தவத்சலம் சொன்னார். சங்கத்தைப் பற்றி இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு ஞானசேகரன் படியிறங்கினார். பக்தவத்சலம் வாத்தியாருக்குப் போன் செய்து, தப்பு தன்னுடையது, சரிசெய்ய என்ன வழி என்று படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். வாத்தியார் திட்டியதை நின்றுகொண்டே கேட்டுக்கொண்டார்.

யூசுப் பாய் டீயோடு மேலே வந்தவர் பிரித்த புத்தகத்தையும் கிழிந்த பிளாஸ்டிக்கையும் பார்த்துவிட்டு, "இன்னா சாரே, மேலிடம் கைய விரிச்சிருச்சா?" என்று கேட்டார். பக்தவத்சலம் ஆமாம் என்றார். வீட்டில் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். புஷ்பா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். போர்டைக் கழற்ற ஏணி வேண்டும், யூசுப் பாயிடம் கேட்டுவையுங்கள் என்று வேறு சொன்னாள். அது கேலியா ஆறுதலா என்று அவருக்குப் புரியவில்லை. இரண்டு நாள் அலுவலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைப் படித்தார். வேறு வேலை இல்லை.

மூன்றாம் நாள் ஞானசேகரன் கூப்பிட்டார். சங்கத்தில் எல்லாவற்றையும் சொன்னாராம். எல்லாவற்றையுமா என்று பக்தவத்சலம் கேட்டார். பேப்பர் புரட்டினது வரைக்கும் என்றார் ஞானசேகரன். அத்தனை பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். சிரித்து முடித்ததும் ஒருவர் எழுந்து, அப்படிப்பட்ட ஆள் நமக்கு எதற்கு என்று கேட்டாராம்.

"நான் சொன்னேன் சார். ஃபேக்டரியில நான் ரிஜெக்ட் பண்ணாத ஆளே கெடையாது. தப்புன்னு காட்டின பிறகு தப்புன்னு ஒத்துக்கிட்டவங்களும் உண்டு. யாரும் காட்டாம, தானே படிச்சிட்டு, தான் சொல்ல இருந்தது தப்புன்னு சொன்ன ஒரே ஆளு இவருதான்னு சொன்னேன். ஞாயித்துக்கெழம வாங்க. வரும்போது புத்தகத்த எடுத்துட்டு வாங்க. நீங்க வர மறந்தாலும் அத மறக்காதீங்க."

பக்தவத்சலம் போனை வைத்துவிட்டு அழுதார். அழுதது யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கீழே கல்லாவில் இருந்த யூசுப் பாய்க்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் ஒரு பெண்மணி எழுந்து, இறந்துபோன கணவருடைய குடும்ப பென்ஷனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் அம்மா என்று பக்தவத்சலம் குறித்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை காலையில் தானே பொருளடக்கத்தில் தேடினார். மூன்று இடத்தில் அந்த விஷயம் வந்தது. ஒன்றில் கைவைத்தார், ஆனாலும் மனசு நிலைகொள்ளவில்லை. மேலிடத்தைக் கூப்பிட்டார். இந்தத் தடவை படித் திருப்பத்துக்குப் போகவில்லை. பார்ட்டி ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க, ஒன்றை அழுத்தி, இரண்டை அழுத்தி, சந்தா எண்ணைச் சத்தமாகச் சொன்னார்.

வித்யா வணக்கம் சொன்னாள். அப்பாவைப் பற்றியோ அன்றைக்கு நடந்ததைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. பக்தவத்சலம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, தான் எடுத்திருக்கும் பக்கம் புதுச் சட்டத்துக்கானதா, போன வருஷத்துக்குப் பொருந்துகிற பழைய சட்டத்துக்கானதா என்று கேட்டார்.

"அது புதுச் சட்டத்தின் பகுதி ஐயா. பழைய சட்டம் நானூற்று நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது. எடுத்துவிட்டீர்களா?"

தினசரி மேஜையில்தான் கிடந்தது. பக்தவத்சலம் அதைத் தொடவில்லை. கனமான தாள்களைக் கட்டுக் கட்டாகத் தள்ளி, பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பினார். கொஞ்ச நேரம் பிடித்தது. மறுமுனையில் அவள் எப்போதும்போல் காத்திருந்தாள்.

"எடுத்துட்டேன் மேடம்."

"தெரிகிறது ஐயா" என்றாள் வித்யா. பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள். "இத்தனை வருஷமா பேப்பர் சத்தம்தான் கேட்டுது. இன்னிக்குத்தான் புத்தகச் சத்தம் கேக்குது."

அத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், அவர் பேப்பரைப் புரட்டி முடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் காத்திருந்திருக்கிறாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா ஐயா என்று அவள் கேட்டாள்.

"வேணாம்மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.